நாலு இல்லை, ஒரு கூறு தேசிக்காய்

வா மோனை, வா. இரு. முதல் மூச்சை விடு. லிஃப்ட் வேலை செய்யாது எண்டு கீழை மட்டையிலை எழுதி ஒட்டியிருக்கே, காணேல்லையோ? ஐஞ்சு மாடி நடந்து ஏறியிருக்கிறாய். இப்ப சொல்லு பாப்பம். கீழை சீக்காய் அடிச்சுக்கொண்டு நிண்ட நீயும், இஞ்சை நாக்குத் தள்ளிக்கொண்டு நிக்கிற நீயும் ஒரே ஆளோ, வேறை வேறை ஆளோ?

சிரிக்காதை. உந்தக் கொப்பி முழுக்க நீ எழுதி வைச்சிருக்கிறது உதைத்தானே. ஏ.எல்.லுக்கு அளவையியலும் விஞ்ஞானமுறையும் எடுக்கிறாயாம், கொம்மா சொன்னவ. நல்லது. பி எண்டு ஒரு எழுத்து, கியூ எண்டு ஒரு எழுத்து, நடுவிலை ஒரு அம்பு. உலகத்திலை எது மாறிச்சுது, எது மாறேல்லை, எது எதிலையிருந்து வேறை, எல்லாத்தையும் ரெண்டு வரியிலை முடிச்சுப் போடலாம் எண்டு நேற்றுப் படியிலை வைச்சு எனக்கே பாடம் எடுத்தனீ. முளைச்சு மூண்டிலை விடேல்லை. சரி, கிழவனுக்கும் பொழுது போகவேணும். கொப்பியை விரி.

முதலாம் பக்கம். ஒரு பொருள் அதுவேதான். ஓகோ! இதுக்கு மாசம் எவ்வளவு கட்டுறாய் டியூசனுக்கு? கரவெட்டியிலை எங்கடை ஆட்டுக்குட்டி இதைக் காசு கட்டாமல் படிச்சது. பத்துத் தாயாடு நிண்டாலும் தன்ரை தாயிட்டைத்தான் போகும்.

ரெண்டாம் பக்கம், லைப்னிட்ஸ். ஆர் அவர், ஜெர்மன்காரரோ? ஒண்டைப் பற்றிச் சொல்லக்கூடியதெல்லாம் மற்றதுக்கும் பொருந்தினால் ரெண்டும் ஒண்டு. ஒரு சொல்லுப் பிசகினாலும் வேறை. கத்தி கூர்தான் மோனை. கூரான கத்தி தேங்காயோடை விரலையும் பாக்கும். கேள்.

1963 இலை நான் கொழும்புக்கு வந்தனான். கொட்டாஞ்சேனையிலை ஒரு சமறி. ஒன்பது பேர், ரெண்டு அறை, ஒரு கக்கூசு. அப்ப எனக்குத் தலை நிறையச் சுருட்டை மயிர், முப்பத்திரண்டு பல்லு. இப்ப நீயே பார். உன்ரை லைப்னிட்ஸைக் கேட்டால், அவனும் நானும் வேறை ஆக்கள். கந்தோரிலை கையெழுத்து வைச்சு வேலை செய்தவன் சுருட்டை மயிர்க்காரன். பென்சன் எடுக்கிறவன் மொட்டைத்தலையன். அப்ப நான் ஐம்பத்தெட்டு வயசிலையிருந்து ஆற்றையோ காசைத் திண்டுகொண்டிருக்கிறன், என்ன?

ஒவ்வொரு வருசமும் உயிரோடை இருக்கிறன் எண்டு கிராம சேவகரிட்டைக் கையெழுத்து வாங்கிக் குடுக்கவேணும். ஒருக்கால் ஒரு கவுண்டரிலை இருந்த பெடியன் என்ரை பழைய அடையாள அட்டைப் படத்தையும் என்ரை முகத்தையும் மாறி மாறிப் பாத்தான். "இது நீங்களோ?" எண்டான். "இல்லைத் தம்பி, அது நான். இது மிச்சம்" எண்டன். முத்திரையைக் குத்திப்போட்டான். அவன் லைப்னிட்ஸ் படிச்சிருந்தால் நான் பட்டினி.

பேந்து அந்தக் கார்ட் துலைஞ்சு புதுசு எடுத்தன். 2016 இலையிருந்து இலக்கம் மாத்திப்போட்டாங்கள் அல்லோ. முந்தி ஒன்பது இலக்கமும் கடைசியிலை ஒரு வீ எழுத்தும். இப்ப பன்னிரண்டு. 44 எண்டு தொடங்கினது 1944 ஆச்சு, பிறந்த நாளைக் காட்டுற மூண்டு இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம் நுழைஞ்சுது, வீ பறந்துபோச்சு. பேர் மாறிச்சுது, ஆள் மாறேல்லை. தலைமயிர் விசயத்திலை ஆள் மாறினது, பேர் மாறேல்லை. ரெண்டையும் உன்ரை ஒரு அம்பாலை குத்துவியோ? இன்னொண்டு சொல்லுறன், உனக்குப் பிடிக்கும். பொம்பிளை எண்டால் அந்த நாள் இலக்கத்தோடை 500 கூட்டிவிடுவாங்கள். சனவரி முதலாந் திகதி பிறந்தவன் 001, பிறந்தவள் 501. ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் என்ன எண்டு எத்தினை புலவர் மண்டையை உடைச்சாங்கள்? எங்கடை அரசாங்கம் ஐந்நூறு எண்டு கணக்கை முடிச்சுப்போட்டுது.

மூண்டாம் பக்கம் குவியல் கணக்கு. யூபுலிடீஸ் எண்ட கிரேக்கன் கேட்டவனாம். மணல் குவியலிலையிருந்து ஒரு மணியை எடுத்தால் அது குவியல்தானே? இன்னொண்டை எடுத்தால்? எடுத்து எடுத்து ஒரே ஒரு மணி மிஞ்சேக்கையும் குவியலோ? எந்த மணியோடை அது மாறிச்சுது?

உதுக்கு ஏன் கிரேக்கத்துக்குப் போறாய்? வெள்ளவத்தை மார்க்கெட்டுக்கு வெளியிலை சாக்கு விரிச்சுத் தேசிக்காய் கூறு வைக்கிற மனிசியிட்டைப் போயிருக்கலாமே. நான் போனனான், உன்ரை கொப்பியை நேற்றுக் கேட்டதிலையிருந்து எனக்கும் வயித்துக்குள்ளை ஒரு கிண்டல். ஒரு கூறிலை ஏழு காய். ஒண்டைக் கையிலை எடுத்தன். "பிள்ளை, இது இன்னும் ஒரு கூறுதானே?" எண்டன். பேசாமல் இருந்தா. ரெண்டாவதை எடுத்தன். "இப்பவும் கூறுதானே?" மூண்டாவதுக்குக் கை போனது. தராசுப் படிக்கல்லைத் தூக்கிக் கொண்டு சொன்னா பார்: "ஐயா, கூறெண்டால் நான் வைக்கிறது. நீங்கள் கை வைச்சால் அது கூறில்லை, கிலோக் கணக்கு. எடுத்ததை வையுங்கோ."

வைச்சிட்டன். இரண்டாயிரத்துச் சொச்சம் வருசமா உங்கடை ஆக்கள் முழிக்கிற கேள்வி, படிக்கல்லோடை முடிஞ்சுது. குவியலுக்கு எல்லை மணலுக்குள்ளை கிடக்கு எண்டு நீ தேடுறாய். அந்த மனிசிக்குத் தெரியும், எல்லை தன்ரை கையிலை எண்டு.

நான் உன்ரை படிப்பைப் பழிக்கிறன் எண்டு நினையாதை. பழிக்கிறன்தான், ஆனால் நீ நினைக்கிற காரணத்துக்கில்லை. இது ஏதோ கேம்பிரிட்ஜிலையிருந்து நேற்றுக் கப்பலிலை இறங்கின சாமான் எண்டு நினைச்சுக்கொண்டு நெஞ்சை நிமித்திறாயே, அதுதான் எனக்குச் சிரிப்பு. மணிமேகலையைத் தெரியுமோ? ஓம், அட்சய பாத்திரம், தெரியும். அதுக்கு மேலை? முப்பது காதையிலை இருபத்தொன்பதாவதை ஆரும் உனக்குக் காட்டியிருக்கமாட்டினம். வாத்தியாரே தாண்டிப் போற பக்கம் அது. அறவண அடிகள் இருந்து அந்தப் பெட்டைக்கு அளவை படிப்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம். சொல்ல வந்தது ஒண்டு, அதுக்குக் காரணம் ஒண்டு, கண்ணாலை கண்ட சாட்சி ஒண்டு. மலையிலை நெருப்பு இருக்கு. ஏனெண்டால் புகை தெரியுது. எங்கை கண்டனீ எண்டால், அடுக்களையிலை. பாத்தியே? பி இல்லை, கியூ இல்லை. குசினி.

மாற்றத்தையும் அதே கோலாலைதான் அளக்கினம். சத்தம் நிலையாது, ஏனெண்டால் அது உண்டாக்கப்பட்டது, உண்டாக்கினது எது நிலைச்சது, பானையைப் பார். பானை உடையும் எண்டதுக்கு இவ்வளவு சாத்திரமோ எண்டு எங்கடை ஆச்சி இருந்தால் கேப்பா. மாதம் ரெண்டு பானை உடைச்ச மனிசி அவ. ஆனால் ஆச்சிக்குத் தெரியாத ஒண்டையும் அந்தக் காதை செய்யுது. எப்பிடியெல்லாம் பிழைவிடலாம் எண்டு பட்டியல் போடுது. சொல்ல வந்ததிலையே ஒன்பது விதமான போலி. அதிலை ஒண்டு, என்ரை தாய் மலடி எண்டு சொல்லுறவன். உப்பிடி ஆர் சொல்லுவான் எண்டு கேக்கிறியோ? எலக்சன் நேரம் ரேடியோவைப் போடு.

பேந்து அன்னம்பட்டர் எண்ட ஒருத்தர் சமஸ்கிருதத்திலை தருக்க சங்கிரகம் எழுதி, அதைச் சிவஞான முனிவர் தமிழாக்கி, எங்கடை நல்லூர் நாவலர் அச்சிலையும் ஏத்தினவர். எங்கடை சைவப் பள்ளிக்கூடத்திலை இருந்த வாத்தியார் பின்னேரங்களிலை அதைச் சொல்லித் தாறவர். பாதி விளங்காது. ஆனால் ஒரு பகுதி எனக்கு இண்டுவரைக்கும் மறக்கேல்லை. "இல்லை" எண்டதிலை நாலு வகை. பேருகள் வாய்க்குள்ளை கல்லுப் போட்டுக் கடிச்ச மாதிரி. பிராகபாவம், பிரத்துவம்சாபாவம், அத்தியந்தாபாவம், அந்நியோந்நியாபாவம். பயப்படாதை. கொழும்புத் தமிழிலை சொல்லுறன்.

முதலாவது, இன்னும் வராத இல்லை. வனையமுன்னம் பானை இல்லைத்தானே, அது. இதுக்குத் தொடக்கம் கிடையாது, முடிவு உண்டு. பானை வந்த நிமிசம் அந்த இல்லை செத்துப்போகும். ரெண்டாவது, போய்த் துலைஞ்ச இல்லை. பானை உடைஞ்ச பிறகு வாற இல்லை. இதுக்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது. அந்தப் பானை திரும்பி வராது. இப்ப சொல்லு, மாற்றம் எண்டால் வேறை என்ன? ஒரு இல்லை முடியிறதும் இன்னொரு இல்லை தொடங்கிறதும். உன்ரை கொப்பியிலை பதினாலு வரி எடுத்த விசயம் இது.

கொழும்பிலை 1899 இலை டிராம் ஓடத் தொடங்கினது. 1960 இலை நிப்பாட்டிப்போட்டாங்கள். நான் வந்தது 63 இலை. அப்ப நான் டிராமைக் காணேல்லை, டிராம் இல்லாததைத்தான் கண்டனான். சிரிக்காதை, நியாய சாத்திரக்காரர் அப்பிடித்தான் சொல்லுவினம், இல்லாததையும் கண்ணாலை காணலாமெண்டு. சமறியிலை என்னோடை இருந்த மூத்தவர் ஒருத்தர் கிராண்ட்பாஸ் சந்தியிலை நிண்டு, "இஞ்சாலைதான் வந்து நிக்கும்" எண்டு கை காட்டுவார். அந்த இடத்திலை வெறும் றோட்டு. ஆனால் அவர் பாத்த வெறும் றோட்டும் நான் பாத்த வெறும் றோட்டும் ஒண்டில்லை மோனை. அவருக்கு அதிலை ஒரு இல்லை நிண்டுது. எனக்கு ஒண்டும் நிக்கேல்லை. டிராமுக்குப் பதிலா வந்த கம்பி பஸ்ஸிலை நான் ஏறினனான், 64 இலை அதுவும் போச்சு. இப்ப எனக்கும் ஒரு இல்லை கிடைச்சிருக்கு.

மூண்டாவது, எண்டைக்குமே இல்லாத இல்லை. முயல்கொம்பு. நேற்றும் இல்லை, நாளைக்கும் இல்லை. இப்ப உனக்கு ஒரு சோதனை. மாலபேயிலையிருந்து கோட்டைக்கு இலகு ரயில் விடப்போறம் எண்டு யப்பான்காரனிட்டைக் கடன் எடுத்து, 2020 இலை வேண்டாம் எண்டு நிப்பாட்டினாங்களே, அது எந்த இல்லை? வரும் எண்டு சொன்ன நாளிலை முதலாவது. நிப்பாட்டின நாளிலை மூண்டாவது. ரெண்டாவதாகவும் ஆகேலாது, ஓடினால்தானே துலையிறதுக்கு? ஓடாத ரயிலின்ரை இல்லைக்குச் சரியான பேர் வைக்கிறவனுக்கு நான் ஒரு சட்டி எருமைத்தயிர் வாங்கித் தாறன்.

நாலாவதுதான் உன்ரை வித்தியாசம். ஒண்டு மற்றதில்லை. பானை துணி இல்லை. கொட்டாஞ்சேனை வெள்ளவத்தை இல்லை. அங்கை புனித லூசியா கோயில் மணி கேட்டு எழும்பினனான், இஞ்சை கோல் பேஸ் பக்கம் போற ரயில் சத்தம் கேட்டு எழும்பிறன். அங்கை இருக்கேக்கை வெள்ளவத்தை எண்டால் காசுக்காரர் எண்டு நினைச்சம். இஞ்சை வந்து பாத்தால் இவங்களுக்கும் மாசக் கடைசியிலை அதே முகம்தான். முதல் ரெண்டு இல்லையும் நேரத்தோடை வாறது. இந்த நாலாவதுக்கு நேரம் தேவையில்லை, ரெண்டு பொருள் இருந்தால் போதும். மாற்றத்தையும் வித்தியாசத்தையும் ஒரே சாக்குக்குள்ளை போட்டுக் குலுக்காதை எண்டு வாத்தியார் சொல்லுறவர். நீ குலுக்கிறாய். உந்தப் பக்கத்திலை பார், ரெண்டுக்கும் ஒரே குறி போட்டிருக்கிறாய்.

ஆறு எண்டு ஒரு படமும் கீறியிருக்கிறாய். ஒரே ஆத்திலை ரெண்டுதரம் இறங்கேலாது, எராக்கிளிட்டஸ். நல்ல மனிசன். வெள்ளவத்தை வாய்க்காலைக் கண்டிருந்தால் ஒருதரமே போதும் எண்டிருப்பார்.

மாறினது எது எண்டு கண்டுபிடிக்கிறது லேசு எண்டு நினைக்கிறியோ? 1996 மே மாசம் கரண்டு பத்தாது எண்டு அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது. மாறினது நேரமோ, மணிக்கூடோ? எங்கடை ஒழுங்கைச் சேவலுக்கு ஆரும் சுற்றறிக்கை அனுப்பேல்லை, அது பழைய நேரத்துக்கே கூவினது. வன்னியிலை இருந்தவை மணிக்கூட்டைத் தொடேல்லை. ஒரே தீவு, ஒரே சூரியன், ரெண்டு மணி. அந்த ஒக்டோபரிலை அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தாங்கள். மிச்ச அரை 2006 ஏப்ரலிலைதான் வந்தது. பத்து வருசக் கடன், வட்டி இல்லை. இடையிலை செத்தவைக்கு அரை மணித்தியாலம் நட்டம்.

அதுக்கும் முந்தி ஒரு கூத்து. 1966 இலையிருந்து 71 வரை ஞாயிற்றுக்கிழமை லீவில்லை, போயாவுக்குத்தான் லீவு. சந்திரன் சொல்லுறபடி கிழமை. சிலது ஏழு நாள், சிலது எட்டு. நான் ஞாயிறு விடியக் கந்தோருக்குப் போறன், பக்கத்து வீட்டு வேதக்காரர் கோயிலுக்குப் போகேலாமல் பைலைத் தூக்கிக்கொண்டு பின்னாலை வாறார். அது ஞாயிறோ இல்லையோ? பேருக்கு ஞாயிறு, வேலைக்குத் திங்கள். எதுக்காகக் கேக்கிறாய் எண்டு தெரியாமல் மறுமொழி சொல்லேலாது, கண்டியோ. உண்டு, இல்லை எண்டு ரெண்டோடை நிக்காமல் உண்டும் இல்லையும், உண்டுமில்லை இல்லையுமில்லை எண்டு புத்த சமயத்திலை நாலு மூலை வைச்சிருக்கினம். எங்கடை பேராதனையிலை கே. என். ஜயதிலக்க எண்ட பேராசிரியர், கேம்பிரிட்ஜிலை விட்கன்ஸ்டைனிட்டைப் படிச்சவர், அது விசர்க்கதை இல்லை, ஒழுங்கான அளவை எண்டு எழுதியிருக்கிறார். உந்த லிஃப்ட் எப்ப சரிவரும் எண்டு கேட்டுப் பார், நாலாவது மூலையின்ரை அருமை விளங்கும்.

பாளியிலை மிலிந்த ராசாவும் நாகசேனரும் கதைக்கிற ஒரு நூல் இருக்கு. ராத்திரி முழுக்க எரிஞ்ச விளக்கு, முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒண்டோ எண்டு கேள்வி. ஒண்டுமில்லை, வேறையுமில்லை எண்டுதான் பதில். நீ உடனை இது முரண் எண்டு சிவப்புப் பேனையாலை கீறுவாய். பொறு. அதுக்கு ஒரு பால் கதை சொல்லுறார் நாகசேனர். ஒருத்தன் இடையனிட்டை ஒரு பானை பால் வாங்கி, நாளைக்கு எடுக்கிறன் எண்டு அவனிட்டையே விட்டுட்டுப் போறான். அடுத்த நாள் வந்தால் தயிர். "நான் உன்னட்டைத் தயிர் வாங்கேல்லை, என்ரை பாலைத் தா" எண்டு சண்டை. நீதி ஆர் பக்கம் எண்டு நாகசேனர் கேக்க, ராசா ஒரு நிமிசமும் யோசிக்கேல்லை. இடையன் பக்கம். உன்ரை பால்தான் அது.

பால் தயிரோ? இல்லை. வேறை ஆற்றையும் பாலோ? அதுவுமில்லை. சண்டை பாலைப் பற்றியில்லை, கணக்கைப் பற்றி. அதனாலைதான் மொட்டைத்தலையனுக்குச் சுருட்டை மயிர்க்காரன்ரை பென்சன் வருது.

இன்னும் ஒண்டு இருக்கு. சொல்லுறதோ விடுறதோ எண்டு யோசிச்சன். சொல்லுறன். 83 ஆடிக் கலவரம். கோல் றோட்டிலை பொல்லுகளோடை நிண்டாங்கள். ஆளைப் பாத்தால் தமிழனோ சிங்களவனோ எண்டு தெரியாது, எல்லாரும் ஒரே நிறம், ஒரே சட்டை. அப்ப அவங்கள் ஒரு வாளியைக் காட்டி, இது என்ன எண்டு கேட்டாங்கள். சிங்களத்திலை பால்திய. முன்னாலை இருக்கிற "ப" வயித்திலையிருந்து கனத்து வரவேணும். எங்கடை ஆக்களுக்கு அது "வ" ஆகி வால்திய எண்டு விழும். ஒரே ஒரு எழுத்து. உன்ரை லைப்னிட்ஸுக்குக் குறை சொல்லேலாத பரிசோதனை. ஒரு சொல்லுப் பிசகினால் வேறை. நடுவிலை ஒண்டும் கிடையாது. எனக்கு இருபது வருசக் கந்தோர்ச் சிங்களம், "ப" வந்தது. எனக்கு முன்னாலை நிண்டவருக்கு வரேல்லை. அந்த மனிசனைப் பற்றி நான் இதுக்கு மேலை கதைக்கிறதில்லை.

என்ன, கொப்பியை மூடிப்போட்டாய்? திற, திற. சோதனையிலை உந்தக் கிழவன்ரை கதையை எழுதிப்போடாதை, பூச்சியம் போடுவாங்கள். அவங்கள் கேட்ட மாதிரி அம்பைப் போடு, அட்டவணையைக் கீறு, உண்மை பொய் எண்டு நிரப்பு. ஏ எடுத்துக்கொண்டு வா, தயிர் வாங்கித் தாறன்.

இண்டைக்கு ராத்திரி ஒன்பது மணிக்குத் தண்ணி வெட்டு எண்டு சொல்லியிருக்கினம். போக முன்னம் குசினியிலை இருக்கிற அந்த வாளியை நிரப்பி வைச்சிட்டுப் போ.